சாவி வாங்கும் முன் வீட்டைச் சோதிப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பொறியாளர் பதில்களும்

வீடு வாங்குவோர் சாவியைக் கையில் வாங்கும் முன், கட்டடம் அறிந்த ஒருவரை அழைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு பதிலின் ஓரத்தில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்களே இம்முறை மேசையை நிறைத்துவிட்டன. பலருடைய கேள்வியும் ஒன்றாகவே இருந்ததால் எட்டுக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எது விரிவாகச் சொல்ல வேண்டியதோ அதை விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூர் அருகே புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு படுக்கையறை வீடு வாங்கியிருக்கிறோம். அடுத்த மாதம் சாவி தருவதாகச் சொல்கிறார்கள். கட்டியது பெயர் பெற்ற நிறுவனம். அதற்கு மேல் ஓர் ஆய்வாளரை அழைப்பது அவசியம்தானா? அவர் வந்தால் என்ன பார்ப்பார்?
*– வாசகி, மேடவாக்கம்*

அவசியம். நிறுவனத்தின் பெயர் வரைபடத்துக்கும் பொருள்களின் தரத்துக்கும் ஓரளவு உறுதி தரும். ஆனால் உங்கள் குளியலறைத் தரையின் வாட்டத்தை முடிவு செய்தது அந்தப் பெயர் அல்ல, ஒரு நாள் மாலை அங்கே டைல்ஸ் பதித்த கொத்தனாரின் கை. நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட வளாகத்தில் டைல்ஸ் பதிப்பவர், குழாய் இணைப்பவர், மின்கம்பி இழுப்பவர் எல்லாரும் வெவ்வேறு ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள். ஒரே மாடியில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் வேலையின் தரம் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

ஆயிரம் சதுர அடி வீட்டை ஒழுங்காகப் பார்க்க மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அரை மணியில் முடித்துவிட்டு மறுநாள் அறிக்கை அனுப்புகிறேன் என்பவர் வீட்டைப் பார்க்கவில்லை என்றே கொள்ளுங்கள். நல்ல ஆய்வாளர் முதலில் கேட்பது உங்கள் ஒப்பந்தத்தையும் அனுமதி பெற்ற வரைபடத்தையும்தான். அவற்றை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையையும் அளப்பார். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் பேச்சில் ரெரா என்பது, வீட்டுக்குள் நாம் பயன்படுத்தக் கிடைக்கும் தரையளவான கார்பெட் பரப்பு எது என்று தெளிவாக வரையறுத்திருக்கிறது. வெளிச்சுவர்கள், குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட், உங்களுக்கே உரிய பால்கனி, திறந்த மாடி ஆகியவை அதில் சேரா. வீட்டுக்குள் நிற்கும் தடுப்புச் சுவர்களின் இடம் சேரும். இந்த வரையறையின்படி அளந்து வரும் எண்ணை ஒப்பந்தத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்வது அவருடைய வேலையில் ஒரு பகுதி.

பிறகு தரைக்கு வருவார். ஒரு மெல்லிய கம்பியால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிக்கொண்டே போவார். அடியில் கலவை நிறைந்திருந்தால் ஓசை கெட்டியாக வரும், இல்லையென்றால் பொள்ளலாக வரும். ஒரு மூலையில் மட்டும் பொள்ளல் கேட்டால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். நடுப்பகுதி முழுவதும் பொள்ளலாக இருந்தால் அந்த டைல்ஸை மாற்றித்தரச் சொல்ல வேண்டும், ஏனெனில் கனமான பீரோ ஒன்றை அதன் மேல் நகர்த்தும் நாளில் அது உடையும். சுவர்களின் நேர்மையை ரசமட்டமும் தூக்குக்குண்டும் காட்டிவிடும். இப்போது லேசர் கருவியும் வைத்திருக்கிறார்கள். சன்னல்களைத் திறந்து மூடி, சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே அடைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். வடகிழக்குப் பருவமழை காற்றோடு அடிக்கும் நாளில் தண்ணீர் உள்ளே வருவது பெரும்பாலும் அந்த இடைவெளி வழியாகத்தான்.

குளியலறையில் அவர் செலவிடும் நேரத்தைக் கவனியுங்கள், அதை வைத்தே அவருடைய திறமையை மதிப்பிடலாம். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எந்த மூலையிலும் தேங்காமல் போக்கிக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது முதல் படி. போக்கியை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டின் கூரையில் ஓதம் தெரிகிறதா என்று பார்ப்பது அடுத்த படி. இதற்கு நிறுவனத்தின் ஒத்துழைப்பும் இன்னொரு நாளும் தேவைப்படும். சிரமம் பாராமல் கேட்டு வாங்குங்கள். குடி போன பிறகு குளியலறைத் தரையை உடைப்பது எப்படிப்பட்ட துன்பம் என்பது அதைப் பட்டவர்களுக்குத் தெரியும்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியின் புது வீட்டை ஒரு முறை சோதிக்கப் போயிருந்தேன். பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டார்கள். விளக்குகள் எரிந்தன, மின்விசிறிகள் ஓடின, எல்லாம் சரி என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பார்க்கும் சின்னச் சோதனைக் கருவியைச் சமையலறைக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த மூன்று பிளக்குகளிலும் எர்த் இல்லை என்று காட்டியது. பலகையைக் கழற்றினோம். பச்சைக் கம்பி வந்திருந்தது. ஆனால் திருகில் இணைக்கப்படாமல், சுருட்டி உள்ளே திணிக்கப்பட்டிருந்தது. ஈரக் கையோடு அந்த அம்மா மிக்சியைத் தொடப் போகிற இடம் அது. சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதனால்தான், ஒரு பிளக் விடாமல் சோதிக்கச் சொல்லுங்கள் என்று வற்புறுத்துகிறேன். எர்த் கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட்டிருக்கிறதா, மனித உயிரைக் காக்கும் 30 மில்லி ஆம்பியர் அளவுடையதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் உடனே விழுகிறதா என்பதையும் உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.

வங்கிக் கடனுக்காக வங்கியின் பொறியாளர் வந்து வீட்டைப் பார்த்து மதிப்பீடு கொடுத்துவிட்டார். வக்கீலும் பத்திரங்களைப் பார்த்துவிட்டார். இதற்கு மேலும் ஓர் ஆய்வு வேண்டுமா?
*– வாசகர், கோயம்புத்தூர்*

வங்கியின் பொறியாளர் வந்தது வங்கிக்காக. நீங்கள் கடனைக் கட்டத் தவறினால் இந்தச் சொத்தை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதே அவர் விடை காண வேண்டிய கேள்வி. இடம், பரப்பு, அனுமதி, சந்தை விலை ஆகியவற்றோடு அவர் பணி பெரும்பாலும் முடிந்துவிடும். குளியலறையில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது அதில் இல்லை. வக்கீல் பார்ப்பது வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும். இருவரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்திருந்தாலும் கூரையில் கம்பி துருப்பிடித்திருப்பது இருவருக்கும் தெரியாமலே போகலாம்.

பெசன்ட் நகரில், கடற்கரையிலிருந்து சில தெருக்கள் தள்ளி, 1993இல் கட்டிய குடியிருப்பின் மேல்மாடி வீடு ஒன்று விலைக்கு வருகிறது. உரிமையாளர் வீடு முழுவதும் புதிதாகப் பெயின்ட் அடித்து அழகாக வைத்திருக்கிறார். இவ்வளவு பழைய வீட்டை வாங்கலாமா? ஆய்வாளர் எதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்?
*– வாசகர், திருவான்மியூர்*

வயதை மட்டும் வைத்து எந்தக் கட்டடத்தையும் ஒதுக்க வேண்டியதில்லை. முப்பது ஆண்டு கடந்தும் கூரை கெட்டியாக நிற்கும் வீடுகள் உங்கள் பகுதியிலேயே இருக்கின்றன. ஆனால் கடலோரமும் மேல்மாடியும் புதுப் பெயின்ட்டும் ஒன்றாகச் சேரும்போது எச்சரிக்கை இரண்டு மடங்காக வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே புகுந்து காரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. கடலோரத்தில் காற்றோடு வரும் உப்பும் சேர்ந்து கம்பியைத் தாக்குகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் கீழிருந்து பிளந்து பொருக்காக உதிர்கிறது. கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதைத்தான் கவர் என்கிறோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கான்கிரீட் தரநிலையான ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில், கடலோரச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. அதற்கு முன் கட்டிய வீடுகளின் கூரைகளில் அதில் பாதிகூட இல்லாததை நான் அளந்தே பார்த்திருக்கிறேன்.

இதே போன்ற ஒரு மேல்மாடி வீட்டைப் பார்க்கப் போனபோது, கூடத்திலும் படுக்கையறைகளிலும் கூரை பால் போல் வெள்ளையாக இருந்தது. வாங்க வந்தவர்களுக்கு வீடு மிகவும் பிடித்துப்போயிருந்தது. நான் ஏணி கேட்டு வாங்கி, படுக்கையறைப் பரணின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். பரணுக்குள் பெயின்டர் போகவில்லை. அங்கே கூரையில், கம்பி ஓடும் வரிசையிலேயே நேர்கோடாகப் பழுப்புக் கறை ஓடியது. விரலால் தொட்டதும் ஒரு தகடு பெயர்ந்து கையில் விழுந்தது. அதன் பின்பக்கத்தில் துருவின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. அந்தப் படுக்கையறையின் கூரை முழுவதும் அதே நிலையில்தான் இருந்திருக்கிறது. பட்டியும் பெயின்ட்டும் அதை மூடியிருந்தன. அவர்கள் அந்த வீட்டை விட்டுவிடவில்லை. கூரையைச் செப்பனிடும் செலவை மதிப்பிட்டு, அதை விலையில் கழித்துக்கொண்டு வாங்கினார்கள்.

ஆகவே உங்கள் ஆய்வாளர் பார்க்க வேண்டியது பெயின்ட் எட்டாத இடங்களை. பரண், சமையலறைத் தொட்டியின் அடிப்புறம், சன்ஷேடின் கீழ்ப்பக்கம், படிக்கட்டுத் தலைப்பு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடித்தளம், கீழே வண்டி நிறுத்தும் இடத்துத் தூண்களும் உத்திரங்களும், இவையெல்லாம் உண்மையைச் சொல்லும். மொட்டை மாடியில் தட்டோடு பதித்திருந்தால் அதன் இணைப்புகள் விட்டிருக்கின்றனவா, தண்ணீர் இறங்கும் வாட்டம் கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் ஓர் இடத்தில் சிறிது கான்கிரீட்டைச் செதுக்கி, பினாப்தலின் கரைசலைத் தெளித்துப் பார்ப்பார்கள். காரம் மிஞ்சியிருக்கும் கான்கிரீட் ஊதாச் சிவப்பாக மாறும், காரம் இழந்த பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பியை எட்டிவிட்டதா என்பதே இதில் பார்க்க வேண்டியது. செதுக்குவதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். சம்மதிக்க மறுக்கிறார் என்றால் அதையும் உங்கள் யோசனையில் ஒரு கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

சிலர் ரீபவுண்ட் சுத்தியலால் சுவரில் அடித்துப் பார்த்து, கான்கிரீட்டின் வலிமை இவ்வளவு என்று ஓர் எண்ணை எழுதித் தருவார்கள். அது தோராயம்தான். அந்தச் சோதனைக்கு 2020 வரை இருந்த ஐ.எஸ். 13311 தரநிலை ஏட்டிலேயே 25 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிய அது நல்ல கருவி. அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பிப் பணத்தைப் போடக் கூடாது.

கீழ்வீடுகளில் யாராவது சுவரை எடுத்துப் பெரிய கூடமாக்கியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். அந்தக் காலத்துச் சிறு குடியிருப்புகள் சிலவற்றில் செங்கல் சுவர்களே பாரத்தைத் தாங்குகின்றன.

என் மகளின் புதிய வீட்டுக்கு ஆய்வு செய்தோம். 84 குறைகள் என்று புகைப்படங்களோடு அறிக்கை வந்திருக்கிறது. அதில் விரிசல் என்ற சொல்லே 19 இடங்களில் வருகிறது. மாப்பிள்ளை ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடலாம் என்கிறார். எங்களுக்குத் தூக்கமே போய்விட்டது.
*– வாசகி, மதுரை*

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 84 என்ற எண்ணுக்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை. கதவுத் தாழ்ப்பாள் இறுக்கமாக இருப்பதும் ஒரு குறை, உத்திரத்தில் விரிசல் இருப்பதும் ஒரு குறை. இரண்டுக்கும் ஒவ்வோர் எண் கொடுத்து அடுக்கினால் படிப்பவருக்கு எது பெரிது எது சிறிது என்று தெரியாமல் போகிறது. உயிருக்கு ஆபத்தானவை, தண்ணீர் புகக் கூடியவை, பார்வைக்கு மட்டும் குறையாகத் தெரிபவை என்று பிரித்துத் தரும்படி அந்த ஆய்வாளரையே கேளுங்கள். கட்டணம் வாங்கியவருக்கு அந்தக் கடமை உண்டு.

விரிசலைப் பற்றி நான் சொல்கிறேன். சுவர்ப் பூச்சில் சிலந்தி வலை போல் எல்லாப் பக்கமும் ஓடும் முடியளவு விரிசல், பூச்சு காய்ந்து சுருங்கியதால் வருவது. அதனால் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. கான்கிரீட் தூணும் செங்கல் அல்லது கான்கிரீட் கல் சுவரும் சந்திக்கும் இடத்தில் மேலிருந்து கீழாக நேராக ஓடுவது, இரண்டு பொருள்களும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. பூச்சு வேலையின்போது அந்த இணைப்பில் கம்பி வலை வைக்கத் தவறியிருப்பார்கள். இதைச் சரிசெய்யச் சொல்லலாம், அஞ்ச வேண்டாம். சன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பி, போகப் போக அகலமாகும் விரிசல் என்றால் காரணத்தைத் தேட வேண்டும். அதே சாய்வு கீழ் மாடியிலும் மேல் மாடியிலும் அதே இடத்தில் தொடர்ந்தால் அடித்தளம் ஒரு பக்கம் இறங்குகிறதா என்ற கேள்வி எழும். தூணிலோ உத்திரத்திலோ கான்கிரீட்டின் உள்ளேயே விரிசல் ஓடினால், அதைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் சாவி வாங்காதீர்கள்.

விரிசல் நிற்கிறதா, வளர்கிறதா என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை இரு முனைகளிலும் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதி வைப்பார்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். சில வாரங்கள் காத்திருக்க முடிந்தால் இதைச் செய்யச் சொல்லுங்கள். அந்த 19 இடங்களின் புகைப்படங்களையும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டி, எவை பூச்சு, எவை கான்கிரீட் என்று பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள். ரத்து செய்வதைப் பற்றி அதன் பிறகு மாப்பிள்ளையோடு பேசலாம்.

ஆய்வாளரை உள்ளே விட முடியாது, சாவி வாங்கிய பிறகு நீங்கள் யாரை வேண்டுமானாலும் அழைத்து வாருங்கள் என்று கட்டுநர் சொல்கிறார். சட்டத்தில் எங்களுக்கு உரிமை இருக்கிறதா?
*– வாசகர், தாம்பரம்*

ஆய்வாளரை அனுமதிக்க வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு ரெரா சட்டத்தில் இல்லை. அனுமதி பெற்ற வரைபடங்களையும் பொருள்களின் விவரங்களையும் கேட்டுப் பெறும் உரிமை 19ஆம் பிரிவில் உண்டு. குடிபுகுவதற்கான சான்று கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் வீட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கடமையும் அதே பிரிவில் இருக்கிறது. எனவே தகராறு செய்துகொண்டே காலவரையின்றித் தள்ளிப்போடவும் முடியாது. இனி ஒப்பந்தம் எழுதப் போகிற வாசகர்கள், சாவிக்கு முன் எங்கள் பொறியாளரோடு வந்து பார்ப்போம் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்வது நல்லது.

உங்கள் நிலையில், குடும்பத்தோடு போகும்போது பொறியாளரான உறவினரோ நண்பரோ உடன் வருவதைப் பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள். அதுவும் முடியாவிட்டால், ஒப்படைப்புப் படிவத்தில்தான் உங்கள் கவனம் முழுவதும் இருக்க வேண்டும். "வீட்டைப் பார்வையிட்டேன், எல்லா வகையிலும் நிறைவாக உள்ளது" என்று அச்சிட்ட தாளை நீட்டுவார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, கண்ட குறைகளை எழுதி, தெரியாமல் மறைந்திருக்கும் குறைகளுக்குச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி என் உரிமை நீடிக்கிறது என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திடுங்கள். அந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்பதைக் கடைசிக் கடிதத்துக்கான பதிலில் காணலாம். கையெழுத்திட்ட தாளை அங்கேயே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாவி வாங்கிய அன்றே, சாமான் எதுவும் ஏற்றுவதற்கு முன் ஆய்வாளரை அழைத்துவிடுங்கள். வெறும் வீட்டில்தான் எல்லாம் தெரியும்.

நல்ல ஆய்வாளரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?
*– வாசகர், சேலம்*

அமெரிக்காவில் வீடு வாங்கும் முன் ஆய்வு என்பது நெடுநாள் வழக்கம். அங்கே ஆய்வாளர்களின் தொழில்முறைச் சங்கம் 1976லேயே தொடங்கிவிட்டது. பல மாநிலங்களில் உரிமம் இல்லாமல் இத்தொழிலைச் செய்ய முடியாது. நம் நாட்டில் வீட்டு ஆய்வாளர் என்பதற்கென்று தனி உரிமம் கிடையாது. ஈரமானியும் வெப்பப் படக்கருவியும் வாங்கியவர் யாரும் அப்படிப் பெயர்ப் பலகை வைத்துவிடலாம். எனவே கட்டுமானப் பொறியியல் பட்டமும் களத்தில் கட்டடம் கட்டிய அனுபவமும் உள்ளவரா என்று கேளுங்கள். அவர் முன்பு எழுதிய அறிக்கை ஒன்றை, பெயர் விவரங்களை மறைத்துத் தரச் சொல்லிப் படித்துப் பாருங்கள். கட்டுநரோ தரகரோ பரிந்துரைத்தவரைத் தவிர்த்துவிடுங்கள். கண்ட குறையைத் தானே சரிசெய்து தருகிறேன் என்பவரையும் நான் சேர்க்க மாட்டேன். வேலை கிடைப்பதற்காகக் குறையைப் பெரிதாக்கும் ஆசை அதில் இருக்கிறது. கட்டணத்தைப் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் கேட்பார்கள். குறைகள் சரிசெய்யப்பட்ட பின் மறுமுறை வந்து பார்ப்பதும் அதில் சேருமா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஆய்வு நடக்கும்போது நீங்களும் கூடவே இருங்கள். கருவி எதையும் முடிவாகச் சொல்வதில்லை. வெப்பப் படக்கருவி குளிர்ந்த இடத்தைக் காட்டும். அது கசிவா, மறுபக்கத்து ஏசியின் குளிரா என்பதை மனிதர்தான் பிரித்தறிய வேண்டும். சுவரிலுள்ள உப்பாலும் ஈரமானி அதிகம் காட்டும். எதை வைத்து இப்படிச் சொல்கிறீர்கள் என்று அந்த இடத்திலேயே கேட்டால், தெரிந்தவர் பொறுமையாக விளக்குவார்.

நம்பிக்கையின் எல்லையையும் சொல்ல வேண்டும். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையோடு சரிந்து விழுந்து 61 பேர் உயிரிழந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு என்னிடம் வருபவர்களில் பலர், இந்தக் கட்டடம் விழாது என்று எழுதித் தாருங்கள் என்று கேட்கிறார்கள். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் முடிந்த வீட்டுக்குள் மூன்று மணி நேரம் நின்று பார்ப்பவரால் மண்ணுக்குள் இருக்கும் அடித்தளத்தைப் பார்க்க முடியாது. மண் பரிசோதனை அறிக்கை, கட்டமைப்பு வரைபடங்கள், அவற்றில் கையெழுத்திட்ட பொறியாளரின் விவரம், கட்டட முடிவுச் சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டுவதே அதற்கு வழி. ஆய்வு அறிக்கை அன்று கண்ணுக்குத் தெரிந்தவற்றின் பதிவு. அதை உத்தரவாதமாக விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஸ்ரீரங்கத்தில் கிணறுள்ள தனி வீடு வாங்க இருக்கிறேன். அடுக்குமாடி வீட்டுக்கும் இதற்கும் ஆய்வில் வேறுபாடு உண்டா?
*– வாசகர், திருச்சி*

உண்டு. தனி வீட்டில் பொதுச் சங்கம் கிடையாது. தரையிலிருந்து மொட்டை மாடிவரை எல்லாமே உங்கள் பொறுப்பு. நான்கு பக்கமும் விட வேண்டிய காலி இடம் அனுமதி பெற்ற வரைபடத்தின்படி இருக்கிறதா என்பதை முதலில் அளக்கச் சொல்லுங்கள். மரக் கதவு நிலைகளின் அடியிலும் சுவரோரத்திலும் கரையான் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலைச்சட்டத்தின் அடியை ஒரு திருப்புளியால் அழுத்தினால் போதும், உள்ளே அரித்திருந்தால் உள்வாங்கிவிடும். கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வரும் நீர் மண்ணில் இறங்கும் உறைகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. பக்கத்து வீட்டின் உறைகுழியையும் சேர்த்தே அளந்து பாருங்கள், அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கிணற்று நீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். குடிநீருக்கான ஐ.எஸ். 10500இன்படி கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்கிறது அதே தரநிலை. உறைகுழி அருகில் இருந்தால் கிருமிச் சோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள்.

சாவி வாங்கி நான்கு ஆண்டு எட்டு மாதம் ஆகிறது. முதல் உரிமையாளரிடமிருந்து சென்ற ஆண்டுதான் நாங்கள் வாங்கினோம். சென்ற மழைக்குப் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. கட்டுநர், உங்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்கிறார். இப்போது ஆய்வு செய்து பயன் உண்டா?
*– வாசகி, போரூர்*

பயன் உண்டு, ஆனால் நாள் கடத்தாதீர்கள். கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை இருந்து, சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அது கட்டுநருக்குத் தெரிவிக்கப்பட்டால், 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வது அவர் கடமை என்கிறது ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவு. அவர் செய்யாவிட்டால் நீங்கள் இழப்பீடு கேட்கலாம். இந்த உரிமை ஒதுக்கீடு பெற்றவருக்கு உரியது. ஒதுக்கீடு பெற்றவர் என்ற சொல்லுக்குள், பின்னால் அந்த வீட்டை விலைக்கு வாங்கியவரையும் சட்டம் சேர்த்தே வரையறுத்திருக்கிறது. ஆகையால் சம்பந்தமில்லை என்று அவர் சொல்வது செல்லாது. ஆனால் அந்த ஐந்து ஆண்டு, முதல் உரிமையாளர் சாவி வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவது. அவரிடமிருந்து ஒப்படைப்புக் கடிதத்தின் நகலை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.

ஆய்வாளரிடம் ஓதம் இருக்கிறது என்று மட்டும் எழுதி வாங்கிப் பயனில்லை. அது வெளிச்சுவர் விரிசல் வழியாக வருகிறதா, மேல்வீட்டுக் குளியலறையிலிருந்தா, மழைநீர்க் குழாயின் இணைப்பிலிருந்தா என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். மேல்வீட்டுக்காரர் தம் குளியலறையை உடைத்து மாற்றியிருந்தால் கட்டுநர் அதைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பார்; அதற்கும் அறிக்கையில் பதில் இருக்க வேண்டும். பொதுச்சுவரில் வேலை செய்ய வேண்டி வரும் என்பதால் சங்கத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். அறிக்கையை இணைத்துக் கட்டுநரின் பதிவு அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் கடிதம் அனுப்புங்கள். கடிதத்தில் சாவி கொடுத்த தேதி, குறையைக் கண்ட தேதி, 14ஆம் பிரிவின் பெயர், 30 நாள் கெடு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். 31ஆம் நாள் பதில் இல்லையென்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது அந்தத் தபால் ரசீதாகத்தான் இருக்கும். அதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.